வீட்டில் படிக்கும் சிறு குழந்தைகளுக்கு மொழிப்பாடம்: எந்தப் பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: நங்கநல்லூர் அம்மா

வணக்கம். எங்கள் மகளுக்கு ஆறு வயது. மகனுக்கு நான்கு வயது. கடந்த ஜூன் மாதம் முதல் இருவரையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். மகள் சென்றுவந்த மழலையர் பள்ளியில் நான்கு வயதிலேயே நாள்தோறும் நான்கு கோட்டு நோட்டில் இரண்டு பக்கம் எழுத வேண்டும். முடிக்காத குழந்தைகள் விளையாடப் போக முடியாது. பென்சிலைக் கண்டாலே அவள் அழத் தொடங்கிய பிறகுதான் நாங்கள் இந்த முடிவுக்கு வந்தோம். கணக்கையும் சூழ்நிலையியலையும் சொல்லித்தருவதில் எனக்குத் தயக்கம் இல்லை. மொழிப்பாடத்தை நினைத்தால்தான் இரவில் தூக்கம் வருவதில்லை.

எங்கள் வீட்டில் பேசுவது தமிழ். மாமியார் எங்களோடு இருக்கிறார். பேரக்குழந்தைகளுக்குக் கதை சொல்வதில் அவருக்கு அலுப்பே கிடையாது. இரவில் கணவர் ஆங்கிலப் படக்கதைகளைப் படித்துக்காட்டுவார். மகள் தமிழில் வாய் ஓயாமல் பேசுவாள். ஆங்கிலத்தில் எளிய வாக்கியங்கள் புரியும், ஆனால் பதில் தமிழில்தான் வரும். ‘அ’ முதல் ‘ஔ’ வரை ராகம் போட்டுப் பாடுவாள். ஆங்கில எழுத்துகள் இருபத்தாறையும் ஒப்பிப்பாள். ஆனால் இரண்டு மொழிகளிலும் ஒரு சொல்லைக்கூடத் தானாகப் படிக்கத் தெரியாது.

வீட்டுக்கல்வியில் இருக்கும் தோழிகள் சிலர் ஓர் அமெரிக்கப் பாடத்திட்டத்தைப் பரிந்துரைக்கிறார்கள். எழுத்துகளின் ஒலியைக் கொண்டு படிக்கப் பழக்கும் ஃபோனிக்ஸ் பயிற்சி, கதைப் புத்தகங்கள், இலக்கணம், எழுத்துக்கூட்டல், கையெழுத்து என ஓராண்டுக்கு வேண்டியவை எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடுமாம். ஒவ்வொரு நாளும் குழந்தையிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதுகூட ஆசிரியர் கையேட்டில் எழுதியிருக்குமாம். அந்த ஒழுங்கு என்னை ஈர்க்கிறது. விலையோ, பள்ளியில் ஒரு பருவத்துக்கு நாங்கள் கட்டிய தொகையை நெருங்குகிறது. அதில் தமிழ் என்ற பேச்சே இல்லை. தமிழ்நாடு அரசின் ஒன்றாம் வகுப்புப் பாடநூல்களை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கி வைத்திருக்கிறேன். அவற்றை வீட்டில் எப்படிக் கையாள்வது என்று புரியவில்லை.

எந்த மொழியின் எழுத்தை முதலில் சொல்லித்தர வேண்டும்? இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் குழந்தை குழம்புவாளா? அந்தப் பெட்டியை வாங்கலாமா? எழுதும் பயிற்சியை எப்போது மீண்டும் தொடங்கலாம்? பின்னாளில் பள்ளியில் சேர்க்கவோ தேர்வு எழுத வைக்கவோ நேர்ந்தால் மொழிப்பாடத்தில் பின்தங்கிவிடுவாளோ என்ற அச்சமும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை, பெரம்பூர்

வணக்கம் அம்மா. சென்னை மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் எடுத்தவள் நான். 2003இல் எங்கள் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, கரும்பலகையை விட்டுவிட்டுத் தரையில் குழந்தைகளோடு அமர்ந்து அட்டைகளை வைத்துச் சொல்லிக்கொடுக்கக் கற்றுக்கொண்டேன். தமிழைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்; ஆங்கிலத்தைப் பற்றி அறிந்தவர்கள் எழுதுவார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘அ’ முதல் ‘ஔ’ வரை பாடத் தெரிந்தும் உங்கள் மகளுக்கு ஒரு சொல்லும் படிக்கத் தெரியவில்லை என்றால், குறை அவளிடம் இல்லை; சொல்லித்தந்த வரிசையில் இருக்கிறது. அளபெடை போன்ற சில இடங்களை விட்டால், தமிழில் உயிரெழுத்துகள் பன்னிரண்டும் சொல்லின் முதலில் மட்டுமே தம் சொந்த வடிவில் வரும். நடுவிலும் கடைசியிலும் வருபவை மெய்யும் உயிர்மெய்யும்தான். ஆகவே பன்னிரண்டு உயிரெழுத்துகளை மட்டும் கற்ற குழந்தையால் ‘ஈ’, ‘ஆ’ போன்ற ஓரெழுத்துச் சொற்களைத் தவிர எதையும் படிக்க முடியாது. ‘இ’ என்றால் இலை, ‘ஊ’ என்றால் ஊஞ்சல் என்று அட்டையில் உள்ள படத்தைத்தான் அவள் மனப்பாடம் செய்திருப்பாள்.

அதனால் ட, ப, ம என்னும் மூன்று எழுத்துகளில் தொடங்குங்கள். கோடு போட எளியவை. புள்ளி வைத்தால் ட், ப், ம் என்று மாறும் என்பதையும் உடனே காட்டலாம். இந்த மூன்றே எழுத்துகளில் ‘படம்’, ‘மடம்’, ‘பட்டம்’, ‘மட்டம்’ என்று நான்கு சொற்கள் முதல் வாரத்திலேயே கிடைத்துவிடும். ‘க’வைச் சேர்த்தால் ‘பக்கம்’, ‘கட்டம்’, ‘கம்பம்’. ‘ர’வைச் சேர்த்தால் ‘மரம்’. “நான் படித்துவிட்டேன்” என்ற எண்ணம் குழந்தைக்கு வரும் அந்த நாள்தான் முக்கியம். எழுத்து வரிசையைப் பிறகு சொல்லித்தந்துகொள்ளலாம். அகராதி பார்க்கும் வயதில் அது தேவைப்படும்.

அகர உயிர்மெய்கள் கைவந்த பிறகு குறியீடுகளை ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் கொடுங்கள். துணைக்கால் முதலில் வரட்டும். ‘கல்’ என்பதோடு ஒரு துணைக்காலைச் சேர்த்தால் ‘கால்’, ‘பல்’ என்பது ‘பால்’, ‘படம்’ என்பது ‘பாடம்’ ஆவதைக் குழந்தைகள் ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார்கள். குறில் நெடில் வேறுபாடு பொருளையே மாற்றுகிறது என்பது இங்கேயே பதிந்துவிடும். அடுத்து ‘கி’, ‘கீ’. உகரத்துக்கு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். கு, சு, து, மு ஆகியவற்றில் குறியீடு ஒன்றைப்போல் ஒன்று இருக்காது, தனித்தனியாகத்தான் பழக வேண்டும். கொம்பு வரும் இடத்தில் எல்லாக் குழந்தைகளும் ஒரு முறை தடுமாறுவார்கள். ‘கெ’ என்பதில் காது முதலில் கேட்பது க். கண் முதலில் பார்ப்பது கொம்பு. ‘கொ’ என்றால் எழுத்தின் இரு பக்கமும் குறி நிற்கிறது. இதற்கு நான் செய்தது, தடித்த அட்டையில் கொம்பையும் காலையும் தனித்தனியாக வெட்டி, நடுவில் எழுத்தை மாற்றி மாற்றி வைத்துப் படிக்கச் சொன்னதுதான். கொம்பையும் எழுத்தையும் ஒரே பார்வையில் பிடிக்கும் பழக்கம் இரண்டு வாரத்தில் வந்துவிடும்.

247 எழுத்துகள் என்று கேட்டு மலைக்க வேண்டாம். 12 உயிரையும் 18 மெய்யையும் குறியீடுகளையும் அறிந்தவருக்கு 216 உயிர்மெய்களும் அவற்றின் சேர்க்கைகளே. ஆனால் சில மாதங்களில் முடிந்துவிடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். நம்மைப் போலவே எழுத்தமைப்பு உள்ள கன்னடத்தில் படிக்கும் குழந்தைகளைப் பற்றி சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்துகளை முழுமையாகக் கைவசமாக்கக் குழந்தைகளுக்குச் சில ஆண்டுகள் பிடிக்கின்றன என்று காட்டியது. என் வகுப்பறையில் நான் கண்டதும் அதுவே. இருபத்தாறு எழுத்தைப் பக்கத்து வீட்டுக் குழந்தை ஒப்பித்துவிட்டது என்பதை வைத்து உங்கள் மகளின் தமிழை அளக்காதீர்கள்.

எந்த மொழியின் எழுத்து முதலில் என்று கேட்டீர்கள். அவள் வாயில் எந்த மொழி இருக்கிறதோ, அந்த மொழி. ‘கடல்’ என்பதில் வல்லோசையாகவும், ‘தங்கம்’ என்பதில் ங்-க்குப் பின் மென்மையாகவும், ‘அகல்’ என்பதில் இன்னும் தளர்ந்தும் ஒரே ‘க’ ஒலிக்கிறது. தமிழ் பேசாத குழந்தைக்கு இதை விதியாகச் சொல்லித்தர வேண்டும். உங்கள் மகளுக்கு நாக்கே அந்த வேலையைச் செய்துவிடும். எழுத்து ஒலியைக் குறிக்கிறது என்ற பெரிய உண்மையைத் தமிழில் ஒரு முறை கண்டுகொண்ட குழந்தை, ஆங்கிலத்தில் அதை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இனி, பாடத்திட்டம் விற்பவர்கள் யாரும் உங்களிடம் சொல்லாத ஒரு செய்தி. தமிழ்க் குழந்தைக்குப் பெரிய தடை எழுத்து அல்ல. பேச்சுக்கும் ஏட்டுக்கும் உள்ள தூரம். வீட்டில் “பூனை உக்காந்துக்கிட்டிருக்கு” என்று கேட்டு வளரும் குழந்தை, புத்தகத்தில் “பூனை உட்கார்ந்திருக்கிறது” என்று படிக்கிறாள். எழுத்துக்கூட்டிச் சரியாகப் படித்த பிறகும், “இது என்ன சொல்?” என்று விழிப்பாள். இந்தத் தூரத்தைக் காதால்தான் கடக்க முடியும். ஆகவே நாள்தோறும் இருபது நிமிடமாவது புத்தகத்தில் உள்ளபடியே, வாக்கியத்தை மாற்றாமல், நிறுத்தி நிதானமாகப் படித்துக்காட்டுங்கள். கேட்ட கதையை அவள் தன் பேச்சுத் தமிழில் திருப்பிச் சொல்லட்டும்; திருத்த வேண்டாம். தானாக எழுதத் தொடங்கும்போது “பாட்டி வந்தாங்க” என்று எழுதினாலும் முதல் ஆண்டில் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் மாமியார் சொல்லும் கதைகளும் இதே அளவுக்கு வேண்டியவையே. கதையின் போக்கையும் சொல்வளத்தையும் அவரிடமிருந்தும், ஏட்டு வாக்கியத்தை உங்களிடமிருந்தும் அவள் பெறட்டும்.

அரசுப் பாடநூலை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளலாம். ஒன்றாம் வகுப்புக்கு மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அச்சுப் பிரதி வேண்டுமென்றால் கல்லூரிச் சாலையில் உள்ள பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்தில், நாமெல்லாம் டி.பி.ஐ. என்று சொல்லிப் பழகிய இடத்தில், பாடநூல் கழகத்திடம் கிடைக்கும். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளாகப் பிரித்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். வகுப்பைப் பார்க்காமல் குழந்தை நிற்கும் படியைப் பார்ப்பது என்ற அந்த எண்ணம் வீட்டுக்கல்விக்கு மிகவும் பொருந்தும். ஆனால் பாடநூல் மட்டும் போதாது. படிக்கத் தொடங்கிய குழந்தைக்கு அதில் உள்ள வரிகள் மிகக் குறைவு. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் நான்கு நிலைகளாகப் பிரித்த தமிழ்க் கதைகள் இலவசமாகவே இருக்கின்றன. நேஷனல் புக் டிரஸ்ட்டின் சிறுவர் நூல்கள் விலை குறைந்தவை. நம் சென்னையின் தூலிகா வெளியிடும் தமிழ்-ஆங்கில இருமொழிப் படக்கதைகளை உங்கள் கணவரும் நீங்களும் மாறி மாறிப் படிக்கலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதிக்கு மாதம் இரு முறை அழைத்துச் செல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பரணில் இருக்கும் பழைய சிறுவர் புத்தகங்களை ஆசையோடு எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவற்றில் ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற பழைய வடிவில் இருக்கும். பாட்டி படித்துக்காட்டலாம், புதிதாகப் படிக்கும் குழந்தை கையில் இப்போது வேண்டாம்.

எழுத்துப் பயிற்சியைப் பற்றி: பென்சிலைக் கண்டு அழுத குழந்தைக்கு ஆறு மாதம் பென்சிலே வேண்டாம். தாம்பாளத்தில் மணலோ அரிசியோ பரப்பி விரலால் எழுதட்டும். சிலேட்டும் பலப்பமும் கொடுங்கள். தவறு ஒரு துடைப்பில் போய்விடும் என்பது குழந்தைக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா! வாசலில் பாட்டியோடு சிக்குக் கோலம் போடட்டும். புள்ளியைச் சுற்றி வளைத்துக் கோட்டை விடாமல் கொண்டுவரும் அந்தக் கைதான் நாளை ‘இ’யையும் ‘ஞ’வையும் எழுதும். 1939இல் அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி, கை எழுதப் பழகும் முன்பே வெட்டி வைத்த எழுத்துகளை அடுக்கிக் குழந்தை சொற்களை அமைக்கலாம் என்று காட்டினார். உங்கள் மகளுக்கு அது பொருத்தமான வழி. அட்டை எழுத்துகளை நீங்களே வெட்டிக்கொள்ளலாம்.

பதில்: திருவான்மியூர் அப்பா

ஆசிரியை அம்மாவின் பதிலைப் படித்த பிறகு தமிழைப் பற்றி நான் சேர்க்க ஒன்றுமில்லை. அந்தப் பெட்டியைப் பற்றி மட்டும் என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் மகனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அவனுக்கு ஐந்து வயதானபோது இதே போன்ற ஓர் ஆங்கிலப் பாடத்திட்டத்தைக் கப்பல் கட்டணம் கட்டி வரவழைத்தோம். முதல் பத்து வாரங்கள் அற்புதமாகப் போயின. அதன் பிறகு ஒவ்வொரு காலையும் கண்ணீரில் முடிந்தது.

காரணத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று. படித்துப் புரிந்துகொள்வதைப் பற்றி 1986இல் காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் எளிய விளக்கத்தை முன்வைத்தார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனும், அந்த மொழியைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் ஒன்றோடொன்று பெருக்கப்பட்டால் கிடைப்பதே படிப்பறிவு என்றார்கள். கூட்டல் அன்று, பெருக்கல். இரண்டில் ஒன்று சுழியானால் விடையும் சுழி. அந்த அமெரிக்கப் பெட்டி, பிறந்தது முதல் ஆங்கிலத்தையே கேட்டு வளர்ந்து ஆயிரக்கணக்கான சொற்களை அறிந்த ஐந்து வயதுக் குழந்தையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. எங்கள் மகன் சொற்களை ஒலித்தான். பொருள் அவனுக்கு எட்டவில்லை. பனிச்சறுக்கு வண்டியையும் மேப்பிள் பாகையும் விளக்குவதிலேயே பாட நேரம் கரைந்தது.

ஆகவே எந்த ஆங்கிலப் பாடத்திட்டத்தையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். மாதிரிப் பக்கங்களை எல்லாப் பதிப்பகங்களும் கொடுக்கும். பத்தாவது வாரப் பாடத்தை எடுத்து மகளுக்கு நீங்கள் வாய்விட்டுப் படித்துக்காட்டுங்கள். அவளுக்குப் புரிந்து, அதைப் பற்றித் தமிழிலாவது பேசினால் அது அவளுக்கு உரியது. புரியவில்லை என்றால், அதைப் படிக்கக் கற்றுத்தருவதில் பயனில்லை. முதலில் அந்த ஆங்கிலத்தைக் காதுக்குக் கொடுக்க வேண்டும்.

பெட்டியில் எங்களுக்குப் பயன்பட்டது ஃபோனிக்ஸ் பகுதி மட்டுமே. அதற்கு முழுப் பெட்டி தேவையில்லை. நம் ஊர்ப் பள்ளிகளில் பரவலாக உள்ள ஜாலி ஃபோனிக்ஸ் முறை, ஆங்கிலத்தின் 42 ஒலிகளை ஏழு தொகுதிகளாகப் பிரித்துக் கற்பிக்கிறது. முதல் தொகுதி எஸ், ஏ, டி, ஐ, பி, என் ஆகிய ஆறு எழுத்துகளின் ஒலிகள். அவற்றைக் கொண்டே சிட், பின், டின் போன்ற சொற்களை உடனே படிக்கலாம். ஆசிரியை அம்மா சொன்ன ட, ப, ம முறையும் இதே அறிவில் பிறந்ததுதான் என்பதைப் பாருங்கள். தமிழ் எழுத்துகள் ஓரளவு கைவந்த பிறகு, அதாவது ஆறு மாதமோ எட்டு மாதமோ கழித்து, இதை நாளுக்குப் பத்து நிமிடம் என்று தொடங்கினால் போதும். அதுவரை ஆங்கிலம் காதுக்கும் வாய்க்கும் மட்டும் இருக்கட்டும். உங்கள் கணவரின் இரவுக் கதைகளை நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று எங்கள் வீட்டில் நிலைத்தது. ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) வலியுறுத்திய வழி அது. ஒரு கதையை ஒரே முறை படித்துக்காட்டுவது. கேள்வி எதுவும் கேட்காமல், குழந்தை தன் சொற்களில் அதை முழுவதுமாகத் திருப்பிச் சொல்வது. முறையான பாடங்களை ஆறு வயதுக்கு முன் தொடங்க வேண்டாம் என்பதும் அவருடைய கருத்து. உங்கள் நான்கு வயது மகனைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை; அது நல்லதே. அவன் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

தேர்வு பற்றிய அச்சத்துக்கு இரண்டு வரிகள். கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 4ஆம் பிரிவு, பள்ளியில் சேராமல் இருந்த ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வழி செய்கிறது. தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது நிறைந்தால் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதினான்கு வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம், அங்கே தமிழையும் பாடமாக எடுக்கலாம். 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தின்படி பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம் என்பதால், பின்னாளில் இங்கே பள்ளியில் சேரும் குழந்தைக்குத் தமிழைத் தள்ளிப்போட்டதே சிக்கலாகும். ஆங்கிலம் ஓராண்டு தாமதமாவதால் எந்தக் கதவும் மூடாது.

பதில்: அண்ணா நகர் அம்மா

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. பாடத்திட்டம், வரிசை, நிலை எதுவுமே தேவையில்லை என்பது எங்கள் வீட்டின் அனுபவம். வீடு நிறையப் புத்தகங்கள் வைத்தோம், கேட்டபோதெல்லாம் படித்துக்காட்டினோம். மகன் எட்டு வயதில் தானாகவே படிக்கத் தொடங்கினான்; இன்று கீழே வைக்காமல் படிக்கிறான். வரிசைப்படி சொல்லித்தந்தால், அந்த மழலையர் பள்ளியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டதாக ஆகாதா?

பதில்: சிறப்புக் கல்வியாளர், மேற்கு மாம்பலம்

அண்ணா நகர் சகோதரியின் மகன் மகிழ்ச்சியாகப் படிப்பது நல்ல செய்தி. ஆனாலும் அதை எல்லோருக்கும் வழியாகச் சொல்லத் தயங்குகிறேன். தானாகவே எழுத்தின் கணக்கைப் பிடித்துக்கொள்ளும் குழந்தைகள் இருக்கிறார்கள். தெளிவாக, படிப்படியாகச் சொல்லித்தந்தால் மட்டுமே பிடித்துக்கொள்ளும் குழந்தைகளும் இருக்கிறார்கள். எந்தக் குழந்தை எந்த வகை என்பது ஐந்து, ஆறு வயதில் முகத்தைப் பார்த்துத் தெரியாது. காத்திருந்து பார்த்தவர்களின் பிள்ளைகள் ஒன்பது வயதில் என்னிடம் வரும்போது, படிக்க வராததைவிடத் தனக்கு அறிவில்லை என்ற முடிவுக்கு அந்தக் குழந்தை வந்துவிட்டதுதான் பெரிய வேதனையாக இருக்கும். நாளுக்குப் பதினைந்து நிமிடம் ஒழுங்காகச் சொல்லித்தருவது எந்தக் குழந்தையின் மகிழ்ச்சியையும் கெடுக்காது. அழ வைத்துச் சொல்லித்தருவதுதான் கெடுக்கும்.

நங்கநல்லூர் சகோதரி கவனிக்க வேண்டியவை சில. ‘படம்’, ‘மடம்’, ‘கடம்’ ஆகியவற்றில் ஒலி ஒத்துப்போவதை மகள் காதால் உணர்கிறாளா? ‘மரம்’ என்பதில் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்டால் விளையாட்டாகச் சொல்கிறாளா? ஆறு மாத ஒழுங்கான பயிற்சிக்குப் பிறகும் பத்துப் பதினைந்து எழுத்துகள்கூட நிற்கவில்லை என்றாலோ, நேற்றுப் படித்த சொல் இன்று முற்றிலும் புதிதாகத் தோன்றுகிறது என்றாலோ, முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட்டு, பிறகு டிஸ்லெக்சியா எனப்படும் படித்தல் இடர்ப்பாடு உள்ள குழந்தைகளுக்காக 1991 முதல் சென்னையில் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற இடத்தில் ஆலோசனை கேளுங்கள். வாரம் ஒரு நாள், அவள் படித்ததைத் தேதியிட்டு ஒரு நோட்டில் நீங்கள் எழுதி வாருங்கள்; எந்தப் பாடத்திட்டத்தின் தேர்வுத் தாளைவிடவும் அது எங்களுக்குப் பயன்படும்.

நங்கநல்லூர் அம்மா (ஐந்து வாரங்களுக்குப் பிறகு)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பெட்டியை வாங்கவில்லை. அதன் பத்தாவது வாரப் பக்கத்தைத் திருவான்மியூர் ஐயா சொன்னபடி படித்துக்காட்டினேன். மூன்றாம் வரியிலேயே மகள் எழுந்து போய்விட்டாள். அட்டை எழுத்துகளை வெட்டினோம். ட, ப, ம, க, ர, ல, வ, ன, ந, ய, ழ ஆகியவையும் துணைக்காலும் வந்துவிட்டன. காலையில் இருபது நிமிடம், அதற்கு மேல் இல்லை. மாலையில் மாமியார் கதை சொல்லி முடித்ததும் நான் புத்தகத்தில் உள்ளபடியே ஒரு கதை படிக்கிறேன். முதல் வாரம் “ஏம்மா இப்படிப் பேசுற?” என்று கேட்டவள், போன வாரம் தம்பிக்கு விளையாட்டுக் காட்டும்போது “அப்பொழுது ஒரு சிங்கம் வந்தது” என்று தொடங்கினாள்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை பழவந்தாங்கலிலிருந்து மாம்பலத்துக்கு மின்சார ரயிலில் சென்றோம். மஞ்சள் பலகையில் ‘பழவந்தாங்கல்’ என்பதில் ‘பழ’ என்று மட்டும் படித்துவிட்டு, “இங்க பழம் விக்கிறாங்களா?” என்றாள். திரும்பும்போது உற்சாகத்தில் மீனம்பாக்கம் வரை போய்விட்டு வந்தோம். அங்கே ‘பாக்கம்’ என்பதைத் தானாகவே படித்தாள். வீட்டுக்கு வந்ததும் சுவரில் உள்ள ரயில் வரைபடத்தில் நுங்கம்பாக்கத்தையும் கோடம்பாக்கத்தையும் தேடிப்பிடித்தாள்.

ஆசிரியை அம்மாவிடம் ஒரு கேள்வி. ந, ன இரண்டும் வந்துவிட்டன, ண வரப்போகிறது. எங்கள் வீட்டில் மூன்றையும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் ஒலிக்கிறோம். எந்த இடத்தில் எது என்பதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை, பெரம்பூர்

படித்து மனம் நிறைந்தது அம்மா. ஒலியை வைத்து விளக்கினால் குழந்தைக்கும் குழப்பம், உங்களுக்கும் குழப்பம். இடத்தை வைத்துச் சொல்லுங்கள். சொல்லின் முதலில் வருவது ‘ந’ மட்டுமே. ண, ன இரண்டும் தமிழ்ச் சொல்லின் முதலில் வாரா. நடுவில் புள்ளியோடு வரும்போது பெரும்பாலும் ஒவ்வொன்றும் தன் தோழனுக்கு முன்னால் நிற்கும். அகர வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்களே தோழர்கள்: ங்-க்குக் க, ஞ்-க்குச் ச, ண்-க்கு ட, ந்-க்குத் த, ம்-க்குப் ப. ற, ன இருவரும் வரிசையின் கடைசியில் சேர்ந்தே நிற்பார்கள். இலக்கணத்தில் இன எழுத்து என்பார்கள். அந்தப் பெயர் அவளுக்கு இப்போது வேண்டாம்.

அட்டையை விட்டுவிட்டு மீண்டும் ரயிலில் ஏறுங்கள். ‘பழவந்தாங்கல்’ பலகையில் இரண்டு ஜோடிகள் இருக்கின்றன, கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது ஜோடி கிண்டியில் இருக்கிறது, நான்காவது மாம்பலத்தில். ஐந்தாவதுக்குக் காஞ்சிபுரம் என்று பலகை போட்ட வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆறாவது ரயிலில் கிடைக்காது. குன்றத்தூர் பேருந்து வரும்போது அதன் நெற்றியைப் பார்க்கச் சொல்லுங்கள்.